கண்ணில் பட்டும் கருத்தில் படாதவை: கவனமும் காசும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டணத்தையும் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம். தமிழில் வினைச்சொல் ஒன்றுதான். கட்டணம் செலுத்தினால் ரசீது கிடைக்கும், கவனம் செலுத்தினால் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, கவனத்தை எதில் எவ்வளவு செலவழித்தோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விலை, வரி, வட்டி, சந்தா, சேமிப்பு என்று வரும்போது இந்தக் கணக்கில்லாச் செலவு என்னென்ன செய்கிறது என்பதுதான் கீழே உள்ள கேள்விகளின் விஷயம்.

மனிதருக்குக் கவனம் குறைவு என்பது பாட்டிக்கும் தெரியும். இதில் பொருளியல் எங்கே வந்தது?

பாட்டிக்குத் தெரிந்திருந்தது, பாடப்புத்தகத்துக்குத்தான் வெகுநாள் தெரியவில்லை. பழைய பொருளியல் மாதிரிகளில் வரும் மனிதர் எல்லா விலைகளையும் அறிந்தவர், எல்லா வாய்ப்புகளையும் எடைபோட்டுப் பார்ப்பவர். அவருக்கு நேரமும் பணமும் அளவோடுதான் இருக்கும், கவனம் மட்டும் அள்ள அள்ளக் குறையாது.

இந்தப் படத்தைக் கலைத்தவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் சைமன். மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, 'இது போதும்' என்று தோன்றும் முதல் வாய்ப்பில் நின்றுவிடுகிறார்கள் என்று 1950களில் எழுதினார். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பார்களே, அதை அவர் அறநெறியாகச் சொல்லவில்லை, மூளையின் நடைமுறையாகச் சொன்னார். 1971-இல் இன்னொரு விஷயத்தையும் சுட்டிக்காட்டினார். தகவல் எதைத் தின்று வளர்கிறது என்றால், அதைப் பெறுபவரின் கவனத்தை. ஆகவே தகவல் பெருகும் இடத்தில் கவனத்துக்குப் பஞ்சம் வரும். வீடுகளில் கணினியே இல்லாத காலத்தில் சொன்னது இது. 1978-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

கவனிக்காமல் விடுவது வெறும் சோம்பேறித்தனம் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. ஐந்து நிமிடம் செலவழித்து ஐந்து காசு மிச்சம் பிடிப்பதை யாரும் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டார்கள். கிறிஸ்டோபர் சிம்ஸ் 2003-இல் இதையே கணிதமாக எழுதினார். தொலைத்தொடர்புக் கம்பி ஒரு நொடியில் இவ்வளவு தகவலைத்தான் கடத்தும் என்று அளப்பதற்கு க்ளாட் ஷானன் 1948-இல் ஒரு கோட்பாடு கொடுத்திருந்தார். மனிதரையும் அப்படி ஒரு கம்பியாக எடுத்துக்கொள்வோம் என்றார் சிம்ஸ். கம்பியின் கொள்ளளவு குறைவு. அதனால் அதிகப் பணம் புரளும் விஷயத்துக்குக் கூடுதல் இடமும் மற்றவற்றுக்கு மிச்சமும் ஒதுக்குவதுதான் அறிவார்ந்த செயல்.

அழகான கோட்பாடுதான், ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. எதைக் கவனிக்கலாம், எதை விடலாம் என்று நாம் உட்கார்ந்து ஒதுக்குவது போல அது பேசுகிறது. நடைமுறையில் பாதி நேரம் நாம் ஒதுக்குவதில்லை. பளிச்சென்று இருப்பது கவனத்தை இழுத்துக்கொண்டு போகிறது, ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பது கண்ணில் படாமலே போய்விடுகிறது. எது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் நமக்கு எதையோ விற்பவர்.

ஒரு விஷயம் தெரியாமல் இருப்பதும் அதைக் கவனிக்காமல் இருப்பதும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இந்த வித்தியாசம்தான் அடித்தளம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. பில் போடும் இடத்தில்தான் சேர்ப்பார்கள். ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி க்ராஃப்ட் ஆகிய மூவரும் வடக்கு கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் 2006-இல் மூன்று வாரம் ஒரு சோதனை செய்தார்கள். சுமார் 750 பொருள்களுக்கு, பழைய விலைச்சீட்டோடு வரி சேர்ந்த மொத்த விலையையும் ஒட்டினார்கள். விலை ஏறவில்லை, வரி ஏறவில்லை. வாடிக்கையாளர் எப்போதும் கொடுத்துவந்த அதே தொகைதான். ஆனாலும் அந்தப் பொருள்களின் விற்பனை ஏறத்தாழ 8 சதவீதம் விழுந்தது. அங்கே வரிவிகிதமே 7.375 சதவீதம்தான்.

வாடிக்கையாளர்களுக்கு வரி இருப்பதே தெரியாதோ என்று ஐயம் வரும். அதையும் கேட்டுப் பார்த்தார்கள். எந்தப் பொருளுக்கு வரி உண்டு, எதற்கு இல்லை, சுமார் எவ்வளவு என்று பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். ஆக அறிவு தலைக்குள் இருந்தது. பொருளைக் கையில் எடுக்கும் அந்தக் கணத்தில் அது எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

'மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்' என்று எங்கு கேட்டாலும் எனக்கு இந்தக் கடைதான் நினைவுக்கு வரும். விழிப்புணர்வு ஏற்கெனவே இருந்தது. ஒரு சின்னச் சீட்டுதான் இல்லை.

அரசாங்கங்களும் இதனால் லாபம் அடையுமா?

அடையும். ஏமி ஃபிங்கெல்ஸ்டீன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கச் சுங்கச் சாலைகளைப் பற்றியது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, காசை எண்ணிக் கொடுத்த காலம் போய், வண்டி ஓடும்போதே மின்னணு முறையில் தொகை கழியும் காலம் வந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? ஓட்டுநர்களுக்குத் தாங்கள் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே மங்கிப்போனது. மின்னணு வசூல் வந்ததால், அது வராமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய கட்டணத்தைவிட 20 முதல் 40 சதவீதம் வரை கட்டணம் உயர்ந்தது என்பது அவருடைய மதிப்பீடு.

யாரும் திட்டம் போட்டு ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. கட்டணத்தை ஏற்றும்போது முணுமுணுப்பு குறைவாக இருந்தால், ஏற்றுபவரின் கை தயங்காது.

விலையை 99 என்று முடிப்பதெல்லாம் இன்னுமா எடுபடுகிறது?

எடுபடுகிறது. பல ஆயிரம் கொடுத்து வாங்கும் பொருளிலும்கூட. நிக்கோலா லாசெடெரா, டெவின் போப், ஜஸ்டின் சிட்னர் ஆகியோர் 2012-இல் பழைய கார்களின் மொத்த விற்பனைப் பதிவுகளை, 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல், எடுத்துப் பார்த்தார்கள். ஓடிய தூரம் கூடக் கூட விலை மெல்லக் குறைவது இயல்பு. ஆனால் 10,000 மைல் எல்லை ஒவ்வொன்றையும் தாண்டும் இடத்தில் விலை படிக்கட்டில் தவறி விழுவது போல 150 முதல் 200 டாலர் வரை சட்டென்று இறங்கியது. 79,900 மைல் ஓடிய வண்டிக்கும் 80,000 மைல் ஓடிய வண்டிக்கும் இயந்திரத்தில் என்ன வேறுபாடு இருந்துவிடப் போகிறது? கண் முதல் இலக்கத்தைப் பார்க்கிறது, மீதியை அரைகுறையாகத்தான் மூளைக்குச் சொல்கிறது.

போட்டி இருந்தால் மறைமுகக் கட்டணங்கள் தானாக ஒழிந்துவிடாதா? ஒரு கடை மறைத்தால் நேர்மையான அடுத்த கடை அதைச் சொல்லி ஆளை இழுக்குமே?

பொருளியல் மாணவர்கள் எல்லாரும் முதலில் இப்படித்தான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். சேவியர் கபே, டேவிட் லைப்சன் இருவரும் 2006-இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது.

பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்திரம் மலிவு, மை கொள்ளை விலை. மலிவு விலையைப் பார்த்து வாங்குபவர் மையின் விலையைப் பற்றி யோசிப்பதில்லை. இப்போது போட்டி நிறுவனம் ஒன்று 'அவர்களிடம் வாங்காதீர்கள், மையில் பிடித்துவிடுவார்கள். எங்கள் எந்திரம் கொஞ்சம் விலை கூட, மை மலிவு' என்று விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படித்துத் தெளிந்தவர் என்ன செய்வார்? நன்றியோடு இந்த நிறுவனத்துக்கு வருவாரா? வர மாட்டார். நஷ்டத்துக்கு விற்கும் அந்த மலிவு எந்திரத்தையே வாங்கி, சிக்கனமாக அச்சிட்டு, மையை வேறு வழியில் மலிவாகத் தேடிக்கொள்வார். கவனிக்காதவர்கள் கட்டும் கூடுதல் தொகையில் அவருக்கு மானியம் கிடைக்கிறது. விளம்பரம் செய்த நிறுவனத்துக்கு மிஞ்சுவது விளம்பரச் செலவு மட்டும். ஆகவே யாரும் வாய் திறப்பதில்லை. போட்டி இருக்கிறது, ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் விலையில் மட்டும் நடக்கிறது.

இதற்கு நிஜ உலகச் சோதனையும் உண்டு. ஸ்டப்ஹப் என்ற அமெரிக்க டிக்கெட் விற்பனைத் தளம் 2014-இல் எல்லாக் கட்டணமும் சேர்ந்த முழு விலையை முதலிலேயே காட்டத் தொடங்கியது. 2015-இல் பயனர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு முழு விலை முதலிலேயே தெரிந்தது. மற்றவர்களுக்கு கட்டணங்கள் கடைசித் திரையில் வந்து சேர்ந்தன. கடைசியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகச் செலவழித்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அதிக டிக்கெட் வாங்கியது மட்டுமல்ல, உயர்தர இருக்கைகளையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் நிறுவனம் கட்டணத்தைக் கடைசியில் காட்டும் பழைய முறைக்கே திரும்பியது.

2025 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கும் குறுகிய காலத் தங்குமிடங்களுக்கும் முழுத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கட்டாயம் என்பதுதான் இந்த விதியின் சூட்சுமம். ஒருவர் மட்டும் நேர்மையாக இருந்தால் தோற்பார் என்ற சிக்கல் அப்போது இல்லை.

மறந்துபோன சந்தா எல்லாம் பெரிய பணமா?

வாங்குபவருக்குச் சின்னத் தொகை. விற்பவருக்கு, லட்சக்கணக்கானவர்கள் மறந்தால், பெரிய வருமானம். லிரான் ஐனாவ், பென் க்ளோபாக், நீல் மஹோனி ஆகியோர் இதைப் பார்க்க ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். வங்கி அட்டை காலாவதியாகிப் புது அட்டை வரும்போது, சந்தாவுக்கு அட்டை விவரத்தை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதாவது 'இது எனக்கு வேண்டுமா?' என்று ஒருமுறை யோசித்தே ஆக வேண்டும். அந்த மாதத்தில் சந்தாவை விடுபவர்களின் எண்ணிக்கை சட்டென்று எகிறியது. சேவை திடீரென்று மோசமாகிவிடவில்லையே. முன்பே விட்டிருக்க வேண்டியவர்கள் அப்போதுதான் அதைப் பார்த்தார்கள்.

என்னுடைய கதையும் இதே ரகம். ஒரு மொழி கற்கும் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். பாடம் மூன்றோடு நின்றது. சந்தா மூன்று ஆண்டு ஓடியது.

பங்குச் சந்தையில் இருப்பவர்கள் கண்கொத்திப் பாம்பாக இருப்பவர்கள் ஆயிற்றே. அங்கேயுமா?

அங்கேதான் மிக அழகான உதாரணம் கிடைக்கிறது. என்ட்ரிமெட் என்ற சிறிய உயிர்தொழில்நுட்ப நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சி பற்றிய செய்தி 1997 நவம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது. நாளிதழ்களும் அப்போதே எழுதின. ஐந்து மாதம் கழித்து, 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. புதிய தகவல் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை சுமார் 12 டாலரில் முடிந்திருந்த பங்கு திங்கள் காலை 85 டாலரில் தொடங்கி, 52-க்கு அருகில் முடிந்தது. குர் ஹூபர்மன், டோமர் ரெகெவ் இருவரும் 2001-இல் இதை ஆவணப்படுத்தினார்கள். எல்லாருக்கும் எட்டக்கூடிய இடத்தில் ஐந்து மாதம் கிடந்த தகவல், கண்ணெதிரே வந்த பிறகுதான் விலையாக மாறியது.

வெள்ளிக்கிழமைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவீனியா, ஜோஷுவா பொலெட் 2009-இல் காட்டியது இது: வெள்ளிக்கிழமை வெளியாகும் லாப அறிவிப்புகளுக்குச் சந்தையின் உடனடி எதிர்வினை மற்ற நாள்களைவிட 15 சதவீதம் குறைவு, தாமதமாக வரும் எதிர்வினை 70 சதவீதம் அதிகம். வார இறுதி நினைப்பு யாரை விட்டது?

சிறு முதலீட்டாளர்கள் விஷயத்தில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் கண்டது இன்னும் எளிமை. வாங்குவதற்கு ஆயிரக்கணக்கான பங்குகள் இருக்கின்றன, அத்தனையையும் அலச முடியாது. ஆகவே செய்தியில் அடிபடுவதை, ஒரே நாளில் எகிறியதை அல்லது விழுந்ததை வாங்குகிறார்கள். விற்கும்போது இந்தச் சிக்கல் இல்லை, கையில் இருப்பதே நாலைந்துதான்.

பார்க்க விரும்பாமல் பார்க்காதிருப்பதும் உண்டு. சந்தை இறங்கும் நாள்களில் முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பது குறைகிறது. ஆய்வாளர்கள் இதற்கு நெருப்புக்கோழியின் பெயரை வைத்தார்கள். நமக்குப் பூனை இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்கும் அந்தப் பூனை.

அனுபவம் கூடினால் கவனமும் கூர்மையாகிவிடும் அல்லவா?

கூர்மையாகும், ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் விஷயத்தில். பார்க்காத விஷயத்தில் இருபது ஆண்டு அனுபவமும் உதவாது.

இந்தோனேசியாவில் கடற்பாசி வளர்ப்பவர்களிடம் ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன், ஜோஷுவா ஷ்வார்ட்ஸ்டைன் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. கடற்பாசித் துண்டுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டால் பதில் டக்கென்று வரும். ஒரு துண்டின் எடை எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அது முக்கியம் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆனால் அவர்கள் கயிறுகளிலேயே சோதித்தபோது விளைச்சலுக்குத் துண்டின் அளவு முக்கியம் என்று தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. தங்கள் கயிற்றில் சோதனை நடந்ததைக் கண்ணாரப் பார்த்த பிறகும் விவசாயிகள் முறையை மாற்றவில்லை. 'உங்கள் சோதனையில் இந்த அளவுக்கு இவ்வளவு வருமானம், அந்த அளவுக்கு அவ்வளவு' என்று தொகுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள். தரவு முன்னால் கிடந்தால் மட்டும் போதவில்லை, எந்தப் பத்தியைப் பார்ப்பது என்று யாராவது விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

பணக் கஷ்டம் கவனத்தைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

அனுபவத்தில் பலருக்கு உண்மையாகத் தோன்றும். ஆய்வுச் சான்று கலவையாக இருக்கிறது. முல்லைநாதன், எல்டர் ஷஃபீர் குழுவினர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாள்களில், அதே நபர் அறிவுத்திறன் சோதனைகளில் குறைவாக மதிப்பெண் எடுத்தார். கடன், செலவு, அடுத்த மாதம் என்று மனத்தின் ஒரு மூலை எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் மற்றதற்கு எங்கே இடம் என்பது விளக்கம்.

ஆனால் 2016-இல் லியாண்ட்ரோ கார்வால்யோ குழுவினர் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. ஆண்டு முழுக்கக் காத்திருந்து வரும் அறுவடைப் பணமும் மாதாமாதம் வரும் சம்பளமும் ஒரே மாதிரியான நெருக்கடி அல்ல என்று வாதிடலாம். நான் இதை முடிந்த வழக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். கொள்கை வகுப்பவருக்கு ஒன்று மட்டும் போதும்: ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை உள்ளவரிடம் பன்னிரண்டு பக்கப் படிவத்தை நீட்டினால், உதவி தேவைப்படுபவரே முதலில் கழன்றுகொள்வார்.

தானாகவே சேமிப்பில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே 2001-இல் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். விருப்பம் உள்ளவர் படிவம் கொடுத்துச் சேரலாம் என்று இருந்தபோது புது ஊழியர்களில் 49 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். 'எல்லாரும் சேர்க்கப்படுவீர்கள், வேண்டாதவர் படிவம் கொடுத்து விலகலாம்' என்று மாற்றியதும் 86 சதவீதம் ஆயிற்று. சலுகை அதேதான். படிவம் யார் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் மாறியது.

இந்தப் பாதியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மறுபாதி இது: தானாகச் சேர்த்தவர்களுக்கு நிறுவனம் வைத்த தொடக்க விகிதம் சம்பளத்தில் 3 சதவீதம், அதுவும் குறைந்த வருவாய் தரும் பாதுகாப்பான நிதியில். பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தாமாகச் சேர்ந்திருந்தால் அதிகம் போட்டிருக்கக்கூடியவர்களும் அதில் அடக்கம். எழுதியவர் கை எங்கே நின்றதோ, அங்கேயே ஆயிரம் பேரின் முதுமையும் நின்றது. தானாக நடப்பதை யார், எந்த அக்கறையோடு தீர்மானிக்கிறார் என்று கேட்காமல் இந்த முறையைப் பாராட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

நினைவூட்டல் அனுப்பினால் போதாதா?

உதவும், மிதமாக. பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் வங்கிகளோடு சேர்ந்து டீன் கார்லான் குழுவினர் செய்த சோதனைகளில் சேமிப்பு நினைவூட்டல்கள் சேமித்த தொகையைச் சுமார் 6 சதவீதம் கூட்டின. எதற்காகச் சேமிக்கிறோம் என்பதையும் சேர்த்து நினைவூட்டியபோது இன்னும் நன்றாக வேலை செய்தது.

ஆனால் நினைவூட்டலும் கவனத்தைத்தான் தின்கிறது. டென்மார்க்கில் ஒரு தொண்டு அமைப்பு நன்கொடை நினைவூட்டல்களை அனுப்பியபோது நன்கொடையும் கூடியது, 'இனி எனக்கு அனுப்பாதீர்கள்' என்று பெயரை எடுத்துக்கொண்டவர்களும் கூடினார்கள். கைப்பேசியில் வரும் அறிவிப்புகளை ஒட்டுமொத்தமாக அமைதிப்படுத்தி வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லா நிபந்தனைகளையும் வெளிப்படையாக எழுதி வைக்கச் சட்டம் போட்டால்?

எழுதி வைப்பார்கள். யார் படிப்பது? மென்பொருள் வாங்க இணையத்துக்கு வந்தவர்களின் நடமாட்டத்தைப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. உரிம ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தவர்கள் ஆயிரத்தில் ஒருவரோ இருவரோ. திறந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு சிறு பகுதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எழுத்தைவிட அமைப்பை மாற்றும் சட்டங்கள் மேல். ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்பவர் அதை நிறுத்துவதற்கு ஒரு பொத்தானும் வைக்க வேண்டும். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2024 அக்டோபரில் இதே நோக்கத்தில் ஒரு விதி கொண்டுவந்தது. நடைமுறைக் குறை இருக்கிறது என்று சொல்லி 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

விலைவாசி உயர்வை மக்கள் எப்போதும் கவனித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

உயரும்போது. பணவீக்கம் மிகக் குறைவாக இருக்கும் நாடுகளில் அதன் அளவு எவ்வளவு என்று கேட்டால் பதில்கள் தாறுமாறாக இருக்கும். தெரிந்துகொள்ளாததால் அவர்களுக்கு நஷ்டம் அதிகமில்லை. அர்ஜென்டினா போலப் பணவீக்கத்தில் அடிபட்ட நாட்டில் மக்களின் கணிப்பு கூர்மையாக இருக்கிறது. சிம்ஸ் சொன்ன 'அறிவார்ந்த ஒதுக்கீடு' சரியாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான் என்பேன்.

'கவனப் பொருளாதாரம்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

தொடர்புடையவை, ஒன்றல்ல. இதுவரை பேசியது, கவனக் குறைவால் பொருளை எப்படி வாங்குகிறோம் என்பது. அது, கவனமே விற்பனைப் பொருளாவது. இதுவும் கைப்பேசியோடு பிறந்ததல்ல. 1833-இல் பெஞ்சமின் டே தொடங்கிய நியூயார்க் சன் நாளிதழ், மற்றவை ஆறு சென்ட்டுக்கு விற்றபோது ஒரு சென்ட்டுக்கு விற்றது. மீதியை விளம்பரதாரரிடம் வாங்கிக்கொண்டது. வாசகர் அங்கே வாடிக்கையாளர் மட்டுமல்ல, சரக்கும்தான்.

சரி, நான் என்ன செய்யலாம்?

எப்போதும் விழிப்பாக இருங்கள் என்று சொல்ல மாட்டேன், அது முடியாத காரியம். நான் செய்வது இவ்வளவுதான். சந்தா எதில் சேர்ந்தாலும் சேர்ந்த அன்றே நிறுத்தும் வழியைப் பார்த்து, நிறுத்தவும் செய்துவிடுகிறேன். பல சேவைகளில் கட்டிய காலம் முடியும்வரை அது ஓடும். வேண்டுமென்றால் மறுபடி சேர்ந்தால் ஆயிற்று. ஆண்டுக்கு ஒருநாள் வங்கிக் கணக்கறிக்கையை வரி வரியாகப் படிக்கிறேன், மற்ற நாள்களில் திரும்பியும் பார்ப்பதில்லை. பெரிய பொருள் வாங்கும்போது, முதல் திரையில் உள்ள விலைகளை ஒப்பிடுவதில்லை. இரண்டு கடைகளிலும் பணம் கட்டும் கடைசித் திரை வரை போய், அங்கே உள்ள இரண்டு எண்களைத் தாளில் எழுதி ஒப்பிடுகிறேன். சலிப்பான வேலைதான். ஆனால் சலிப்பு எப்போதாவது வருவது.

இதையெல்லாம் ஆராயும் பொருளியலாளர்கள் மட்டுமாவது தப்பித்துக்கொள்வார்களா?

அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வகம் புதிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை வாரந்தோறும் ஆயிரக்கணக்கான பொருளியலாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறது. எது முதலில் வருகிறது என்பதற்கும் கட்டுரையின் தரத்துக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பட்டியலில் முதலிடம் பிடித்த கட்டுரைகள் சுமார் 30 சதவீதம் அதிகமாகப் பார்க்கப்பட்டன, தரவிறக்கப்பட்டன, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேற்கோளும் காட்டப்பட்டன. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் பொருளியலாளர்களே. அதன்பின் ஆய்வகம் பெறுநர் ஒவ்வொருவருக்கும் வரிசையைக் கலைத்துப்போட்டு அனுப்ப ஆரம்பித்தது.